போரவையும் தரவெண்ணும்

கணிப்பொறி வலையின் வழியே பல்லாயிரவர் ஒருங்கு கூடி, ஆளுக்கொரு பாத்திரம் தாங்கி ஆடும் ஆடல்களுள் பெயர்பெற்றது 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்பது. அமெரிக்க நாட்டுப் பிளிசார்டு நிறுவனத்தார் 2004 நவம்பரில் அதனை வெளியிட்டனர். அதன் முதல் விரிவாகிய 'தி பர்னிங் குரூசேட்' 2007 சனவரியில் வந்தபோது, இருவர், மூவர், ஐவர் கொண்ட குழுக்கள் அடைத்த களமொன்றில் எதிர்நின்று பொரும் அமைப்பு அதனுட் புகுத்தப்பட்டது. ஆடுவோர் இதனை அரீனா என்பர். யாம் ஈண்டுப் 'போரவை' என்னும் சொல்லை ஆள்கின்றோம். ஆமூர் மல்லனைப் பொருது வென்ற சோழன், போரவைக் கோப்பெருநற்கிள்ளி எனப் பெயர்பெற்றமை புறநானூறு பயின்றார் அறிந்ததே. வலியை அளந்தறிதற்கென்றே அமைந்த இடத்திற்கு அச்சொல் நன்கு பொருந்தும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கிள்ளியின் போர் ஒருவனோடு ஒருவன் செய்த மற்போர். வென்றவன் யாவன் என்ற வினா அங்கு எழுவதற்கே இடமில்லை. குழுப்போரில் அவ்வினா எழுகின்றது. மூவர் சேர்ந்து வென்றவழி அவ்வெற்றி மூவருக்கும் ஒப்ப உரியதா, குழுவென்னும் ஒன்றற்கு உரியதா, அன்றி ஒருவருக்கே பெரிதும் உரியதா? 2007 தொட்டு இப்போரவையின் விதிகள் பன்முறை மாறியுள்ளன. அம்மாற்றங்களுள் பெரும்பாலன இவ்வொரு வினாவிற்கு விடை தேடியவை என்பதே எம் கருத்து.

இவ்வாடலின் பிற போர்களோடு ஒப்பிட்டால் போரவையின் இயல்பு விளங்கும். 2005 இல் வந்த வார்சாங் கல்ச் என்னும் களத்தில் எதிரியின் கொடியைக் கவர்ந்து மீளல் வேண்டும். நிரைகவர்தலாகிய வெட்சியை அது நினைவூட்டும். ஆரத்தி பேசினில் ஐந்து நிலைகளைக் கைப்பற்றிக் காத்தல் வேண்டும். மண் கருதியது ஆதலின் அது வஞ்சியை ஒக்கும். போரவையிலோ கவர்தற்குக் கொடியும் இல்லை, காத்தற்கு நிலமும் இல்லை. எதிர்க்குழுவினர் அனைவரும் வீழும்வரை பொருதலே தொழில். தொல்காப்பியர் வலிமையையே பொருளாகக் கொண்ட போரைத் தும்பை என வகுத்தார். இது அதனோடு ஒரு புடை ஒக்கும். ஒப்புமை கூறினோமேயன்றி, அது வேறு இது வேறு என்பதை யாம் மறந்தோமல்லேம்.

இனிப் போர் நிகழுமாற்றைக் காண்போம். 2007 இல் இவ்வாடலில் ஒன்பது வகுப்பினர் இருந்தனர். அவருள் சிலர் தாக்குவோர். சிலர் தம்மவர் புண்ணை ஆற்றுவோர். ரோக், மேஜ், ப்ரீஸ்ட் என்னும் மூவகுப்பினர் சேர்ந்த குழு தொடக்க முதலே புகழ்பெற்றது. ரோக் கட்புலனாகாமல் முன்செல்வான். எதிர்க்குழுவில் ஒருவனை அவன் தாக்கத் தொடங்குங்கால், மேஜ் எதிரியின் புண்ணாற்றுநரைப் 'பாலிமார்ஃப்' என்னும் மாயத்தால் செம்மறியாக்கி விடுவான். செம்மறியானவர் தம் குழுவினர்க்கு உதவ இயலாது. ஆனால் அவர்மீது ஓர் அடி பட்டாலும் மாயம் கலையும். படாவிடினோ அந்நிலையில் அவர் புண் விரைந்து தானே ஆறும். ஆகவே யாரை அடிப்பது, யாரை அடியாது நிறுத்துவது என்பதில் மூவரும் ஒருமனப்பட வேண்டும். நண்பனின் அம்பொன்று தவறிப்பட்டு நல்ல சூழ்ச்சி பாழாதலை யாமும் ஆடிய நாட்களிற் பன்முறை கண்டோம். பெரும்பாலும் அவ்வம்பு எம்முடையதே.

இம்மாயங்களை ஒருவர்மீதே இடைவிடாது ஏவுதலைத் தடுக்கக் குறைவிதி ஒன்று அமைக்கப்பட்டது. முதன்முறை எட்டு நொடி நிற்கும் மாயம், உடனே மீண்டும் ஏவப்படின் நான்கு நொடியும், மூன்றாமுறை இரண்டு நொடியுமே நிற்கும். நான்காமுறை பற்றவே பற்றாது. சிறிது நேரம் ஏவாதிருப்பின் கணக்குப் புதிதாகத் தொடங்கும். ஆனால் அச்சுறுத்தி ஓடச்செய்யும் ப்ரீஸ்டின் மாயம் வேறு இனத்தது. செம்மறி மாயத்தின் கணக்கு அதனைத் தொடாது. எனவே மேஜின் மாயம் முடியும் அந்நொடியில் ப்ரீஸ்ட் எதிரியை அணுகி நிற்றல் வேண்டும். கட்டுண்டவர் தம்மை விடுவித்துக்கொள்ளும் அணியொன்றை ஒவ்வொருவரும் பூண்டிருப்பர். அக்காலத்தில் அஃது இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறையே பயன்பட்டது. எதிரி அதனை எப்போது செலவிட்டான் என்பதை நினைவிற்கொண்டு, அவன் கையற்றிருக்கும் இடைவேளையில் மூவரும் ஒருசேரத் தாக்குதலே இக்கலையின் உயிர்நிலை. நாக்ராண்டு களத்தின் நான்கு தூண்களும் போரிற் பங்கு கொள்வனவே. தூண் இடைப்பட்டால் மாயம் செல்லாது. ஆற்றலிழந்த புண்ணாற்றுநர் அதன் மறைவில் அமர்ந்து நீர் பருகித் தெளிவர்.

இத்தகைய போரில் மூவருள் ஒருவரின் திறத்தைத் தனியே பிரித்தறிதல் எளிதன்று. தொடக்கத்தில் நிறுவனத்தார் அதனைப் பிரிக்க முயலவுமில்லை. தரவெண்ணைக் குழுவிற்கே அளித்தனர். அங்கேரியிற் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராய் விளங்கிய ஆர்ப்பாடு ஈலோ சதுரங்கத்திற்கு வகுத்த முறையே அதற்கு அடிப்படை. அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960 இலும், உலகக் கூட்டமைப்பு 1970 இலும் அம்முறையை ஏற்றன. புதுக்குழு ஒன்று 1500 எண்ணோடு தொடங்கும். 1700 எண்ணுடைய குழு 1500 எண்ணுடைய குழுவை எதிர்ப்பின், நூற்றுக்கு 76 முறை முன்னது வெல்லும் என்று கணக்குக் கூறும். ஓர் ஆட்டத்தில் மாறத்தக்க உச்ச அளவு 32 எனக் கொண்டால், எதிர்பார்த்தபடி வென்ற வலிய குழு ஏறத்தாழ 8 பெறும். தோற்பின் 24 இழக்கும். ஒரு குழு பெறுவதை மற்றொன்று இழக்கும். பருவ முடிவில் முதலிடங்களைப் பெற்ற குழுக்கள், ஆயிரத்தில் ஐந்து என்னும் அளவில், 'கிளாடியேட்டர்' பட்டமும் பறக்கும் ஊர்தியும் பெற்றன.

சதுரங்கத்தில் ஆடுவோன் ஒருவன். தன் எண்ணை விட்டு அவன் நீங்க இயலாது. குழுவோ ஆளை மாற்றிக்கொள்ளும். ஈண்டே குற்றம் நுழைந்தது. மூவர் போருக்குரிய குழுவில் அறுவர்வரை பதிவு பெறலாம். கிழமையில் குழு ஆடிய ஆட்டங்களுள் நூற்றுக்கு முப்பதில் பங்குகொண்டாலே ஒருவருக்குப் பரிசுப்புள்ளி உண்டு. உயர்ந்த குழுவில் ஓரிடத்தை விலைக்கு வாங்குவார் தோன்றினர். மேனிலையடைந்த குழுக்கள் இறங்கிவிடுவோம் என்றஞ்சி ஆடாதே அமர்ந்தன. தாழ்ந்த குழுவினர் அதனைக் கலைத்துவிட்டு 1500 இலிருந்து புதிதாகத் தொடங்கினர். அவர் இழந்த எண்கள் மேலேறி மேலிடத்தாரின் எண்ணைப் பெருக்கின. தனியாள் எண்ணொன்றைக் கூட்டியும், 2008 இல் வந்த அடுத்த விரிவின் காலத்தில் மறைவெண் ஒன்றால் எதிரிகளைப் பொருத்தியும் இவை திருத்தப்பட்டன. எனினும் எந்த வகுப்பு எந்த வகுப்போடு சேர்ந்தால் வெல்லும் என்ற வழக்கு ஓயவில்லை. ஆடலாக்கத்தில் முதன்மைப் பொறுப்பிலிருந்த ராப் பார்டோ, போரவையைப் புகுத்தியது தக்கதுதானா என்று 2009 இல் நேர்காணலொன்றில் ஐயுற்றார். வகுப்புகள் இத்தகைய போருக்கென வகுக்கப்படவில்லை என்பது அவர் கூறிய காரணம். ஆக்கியோரே இவ்வாறு கூறியது அரிதென்றே கருதுகின்றோம்.

2013 இல் நிலையான குழு என்னும் அமைப்பே எடுக்கப்பட்டது. எண் ஆளுக்கு உரியதாயிற்று. 2016 இல் ஐவர் போர் நின்றது. 2022 இல் 'சோலோ ஷஃபிள்' என்னும் புதுமுறை தரவெண் பெற்றது. அதில் முன்னறியாத அறுவர் கூடுவர்: தாக்குவோர் நால்வர், புண்ணாற்றுவோர் இருவர். ஆறு சுற்று நடைபெறும்; சுற்றுதோறும் துணைவர் மாறுவர்; ஒருவர் வீழ்ந்ததும் சுற்று முடியும். ஆறு என்பது தற்செயலன்று. நால்வரிலிருந்து இருவரைத் தேர்தற்கு ஆறு வழியே உண்டு. ஆகவே தாக்குவோர் ஒவ்வொருவரும் ஏனைய மூவரோடும் இரண்டிரண்டு முறை கூடுவர். அவ்விரண்டனுள் ஒருமுறை ஒரு புண்ணாற்றுநரையும் மறுமுறை மற்றவரையும் துணையாகப் பெறுவர். துணையின் பயனை நீக்கித் தனித்திறத்தை அளக்கக் கண்ட நல்ல சூழ்ச்சி இது.

ஆனால் புண்ணாற்றுவோர் இருவரும் ஆறு சுற்றிலும் எதிரெதிரே நிற்பவர். ஒருவர் வென்ற சுற்று மற்றவர் தோற்ற சுற்றே. இருவரும் ஒத்த திறத்தினராயின் மும்மூன்று வென்று, நெடும்பொழுது உழைத்தும் பெரிதும் ஏறாது எழுவர். புண்ணாற்றுவோர் அருகி, தாக்குவோர் தம் முறைக்கு நெடிது காத்திருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். இன்னும் ஒன்று: மேஜின் மாயம் முடியும் நொடியில் ப்ரீஸ்ட் அணுகி நிற்றல், சொல்லாமலே உணர்ந்து செய்யும் செயல், பல திங்கள் கூடி ஆடியவரிடமே அது வரும். முன்னறியாத அறுவரிடம் அதனை எதிர்பார்த்தல் இயலாது. புதுமுறை தனித்திறத்தை அளந்தது மெய். குழுப்போரின் திறமோ அவ்வளவைக்குள் அடங்கவில்லை.

இவ்விரண்டும் வேறென்பதை நிறுவனத்தாரும் உணர்ந்தனர் போலும். சோலோ ஷஃபிளுக்கெனத் தரவெண்ணைத் தனியே வைத்தனர். அதில் 2400 எண்ணுக்கு மேல் நின்று 100 சுற்று வென்றார்க்கு 'லெஜண்டு' என்னும் பட்டம் வகுத்தனர். 'கிளாடியேட்டர்' பட்டமோ, தாம் தேர்ந்த துணைவரோடு மூவராய்ச் சென்று, அதே 2400 எண்ணுக்கு மேல் 50 ஆட்டம் வென்றார்க்கே உரியதாக நின்றது.