கேஸ் அடிப்பதற்கு முன்னால்

கொடைக்கானல் போகிறவர்களுக்கு வத்தலக்குண்டு டீ குடிக்க இறங்கும் ஊர். ஊர்க்காரர்களுக்கு அது மலையடிவாரத்து வெயில். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டிருக்கும் மே மாதத்தில், இங்கே ஃபேன் அனலைத்தான் சுழற்றும். அதனால் இங்குள்ள மெக்கானிக்குக்கு சீசனில் இரண்டு பக்கமும் அழைப்பு வரும்: கீழே ஏசி, மேலே விடுதிகளின் கீசர்.

முன்பெல்லாம் ஏசிக்கென்று தனி ஆள் தேவைப்படவில்லை. ஃபேனுக்குக் காயில் கட்டுகிறவரே ஃபிரிட்ஜுக்கும் கேஸ் அடிப்பார். ஏசி என்றால் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் பெட்டி. இரண்டு பேர் பிடித்து இறக்கி, வாசலில் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி மாட்டினால் பாதி வேலை முடிந்தது. கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் காது அவர்களுக்கு இருந்தது. அந்தத் தேர்ச்சி பெரிது. ஆனால் மிச்சமிருக்கும் ஆர்-22 வாயுவை வால்வைத் திறந்து காற்றில் விடுவதும் அன்று வழக்கம். அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தை அரிப்பது. 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அந்த வாயு இப்போது படிப்படியாக ஒழிக்கப்படுகிறது.

இன்று எல்லாம் ஸ்பிளிட் ஏசி. அவுட்டோர் பெட்டி மாடிச் சுவரின் வெளிப்புறம் தொங்குகிறது. அதை மாட்டுகிறவரும் அங்கேதான் தொங்க வேண்டியிருக்கிறது. இன்வெர்ட்டர் போர்டு வந்தபின் காது மட்டும் போதாது. மல்டிமீட்டர், கேஜ், கேஸை நிறுத்துப் போட எடை மெஷின் எல்லாம் வேண்டும். புது ஏசிகளில் வரும் ஆர்-32, ஆர்-22-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான அழுத்தத்தில் ஓடுவது, தீப்பற்றவும் கூடியது. சில ஏசிகளில் உள்ள ஆர்-290 புரொப்பேனேதான். கசிவு பார்க்க நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். ஆக்சிஜன் ஏற்றினால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும். கேஸ் அடிக்கும் முன், குழாயிலுள்ள காற்றும் ஈரமும் போக வேக்யூம் பம்ப் ஓட வேண்டும். “சீக்கிரம் முடிங்க தம்பி” என்று வீட்டுக்காரர் நெருக்கும்போது முதலில் விடுபடுவது இதுதான்.

ஐடிஐயில் இதற்கு இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் பணியாளர்களுக்குப் பயிற்சி தர இலக்கு வைத்தது. ஆனாலும் அண்ணன் ஒருவரின் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொழில் பழகும் பையன்கள் இன்றும் உண்டு. தீப்பிடிக்கும் வாயுவைக் கையாளும் வேலைக்கு அது போதாது.

ஏசி மாட்ட வருகிறவரை வேக்யூம் போடச் சொல்லுங்கள்; அதற்கு ஆகும் நேரத்தையும் கூலியையும் முகம் சுளிக்காமல் கொடுங்கள். இடுப்பில் பெல்ட் இல்லாமல் அவரை மாடிச் சுவருக்கு வெளியே இறங்க விடாதீர்கள்.