ஆற்றுப்படுத்தும் சொல்

நுழையும்முன்
நோயும் மருந்தும் மட்டுமன்று, மருந்தோடு சேர்த்து வழங்கப்படும் சொல்லும் மருத்துவத்தின் பகுதியே. குடும்ப நலப் பணியில் அச்சொல்லின் தரம் பெண்களின் வாழ்வை எவ்வாறு பாதிக்கிறது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிர்ப்படும் மற்றொரு கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை நன்னனின் கொடைச் சிறப்பை மட்டும் பாடவில்லை; பாம்புகள் உறையும் இடங்களையும் வழுக்கும் பாறைகளையும் முன்னரே எடுத்துரைக்கிறது. வழியின் இடரை முன்பே அறிந்தவர் அதனைக் கண்டதும் அஞ்சித் திரும்புவதில்லை. ஆலோசனை வழங்குதலை இன்றைய தமிழ் 'ஆற்றுப்படுத்துதல்' எனக் குறிப்பது மிகப் பொருத்தமானது. கருத்தடைச் சேவையில் இப்பொருத்தம் தெளிவாகப் புலப்படுகிறது.

இடையில் கைவிடுவது ஏன்?

கருத்தடை முறையைத் தொடங்கும் பெண்களில் பலர், குழந்தை வேண்டும் என்னும் விருப்பம் இல்லாதபோதும் ஓராண்டுக்குள் அதனைக் கைவிடுகின்றனர். பக்கவிளைவு பற்றிய அச்சம் இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படும் கருத்தடை ஊசியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதனால் உதிரப்போக்கு ஒழுங்கற்று ஏற்படலாம். நாளடைவில் மாதவிடாய் நின்றும் போகலாம். முன்னரே இதனைக் கேட்டறிந்த பெண், மருந்தின் இயல்பு என உணர்வாள். அறியாதவளோ, கெட்ட இரத்தம் உடலில் தேங்கிவிட்டதாகக் கலங்குவாள். அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். அதன் விளைவாக, விரும்பாத கருவுறுதலும் போதிய இடைவெளியற்ற மகப்பேறும் நேர்கின்றன. தாய், சேய் இருவர் நலமும் குன்றுகிறது.

இரண்டு ஆய்வுகள்

மெக்சிகோவில் இவ்வூசியைத் தேர்ந்தெடுத்த 350 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2001ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனையும், மற்றொரு பிரிவினருக்கு ஊசியின் செயல்பாடு, பக்கவிளைவுகள் ஆகியவை குறித்த விரிவான ஆலோசனையும் வழங்கப்பட்டன. ஓராண்டு முடிவில் முதற்பிரிவில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் ஊசியைக் கைவிட்டிருந்தனர். இரண்டாம் பிரிவில் 17 விழுக்காட்டினரே கைவிட்டனர். மருந்து ஒன்றே, சொல்லே வேறு.

இந்தோனேசியாவின் கிழக்கு சாவகத்தில் நடைபெற்று 1991இல் வெளியான ஆய்வு மற்றோர் உண்மையை உணர்த்தியது. தாம் விரும்பிய முறையைப் பெற்றவருள் 9 விழுக்காட்டினரும், விரும்பியது மறுக்கப்பட்டவருள் 72 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குள் கைவிட்டனர். கேளாமல் கொடுக்கப்பட்டது நிலைப்பதில்லை.

மூன்று வினாக்கள்

ஆலோசனையின் தரத்தை அளக்க மூன்று எளிய வினாக்கள் பயன்படுகின்றன. வேறு முறைகள் பற்றிக் கூறப்பட்டதா? பக்கவிளைவுகள் விளக்கப்பட்டனவா? அவை நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லப்பட்டதா? இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்விலும் இவ்வினாக்கள் இடம்பெறுகின்றன.

அறிவுரையும் ஆலோசனையும்

இந்தியா 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பணியாளர்கள் எட்ட வேண்டிய எண்ணிக்கை இலக்குகளே பின்னர் நெடுங்காலம் முதன்மை பெற்றன. தனிமனிதரின் விருப்பத் தேர்வை 1994இல் கெய்ரோவில் கூடிய பன்னாட்டு மாநாடு வலியுறுத்தியது. 1996இல் இந்தியா அவ்விலக்குகளைக் கைவிட்டது. எண்ணிக்கையை நோக்குபவர் அறிவுரை கூறுவார். மனிதரை நோக்குபவர் முதலில் செவிகொடுப்பார்.

நல்ல ஆலோசனை பிறர் செவிபடாத தனியிடத்தில் நிகழும். பெண்ணின் உடல்நிலையையும் விருப்பத்தையும் கேட்டறியும். மீண்டும் வரும் நாளைக் குறித்துத் தரும். ஒரு முறை ஒவ்வாதபோது வேறொன்றுக்கு மாறவும், வேண்டாதபோது நிறுத்தவும் அவளுக்குள்ள உரிமையையும் எடுத்துரைக்கும். ஆகவே, தொடர்ந்து பயன்படுத்தச் செய்வது மட்டுமே ஆலோசனையின் வெற்றியன்று. அறிந்து தெளிந்து அவளே முடிவெடுப்பதுதான் வெற்றி. வழியை உள்ளபடி உரைப்பது ஆற்றுப்படுத்துபவர் கடமை. நடப்பது அவள் உரிமை.