பழைய புல்லட்டைப் பிரிப்பவர்களுக்கு

வாப்பா ஓட்டிய புல்லட் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கிறதா? அதைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஆசை இன்று இளைஞர் பலரைப் பற்றியிருக்கிறது. 1950களில் சென்னையில் தயாரிப்புத் தொடங்கிய வண்டி அது. அதன் பழைய எஞ்சினைக் கழற்றி மாட்டப் பெரிய பட்டறை தேவையில்லை. ஆசை நல்லதே. ஆனால், கழற்றிய பாகங்களை எதைக் கொண்டு கழுவப் போகிறீர்கள்?

பெட்ரோல் என்றுதான் பெரும்பாலோர் விடை சொல்வர். பிசுக்கு நொடியில் கரையும், உண்மையே. ஆனால் பெட்ரோல், பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் ஆவியை வெளிவிடும் பொருள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலெழுந்து கலையாமல் தரையோடு தவழ்ந்து அடுப்படி வரை செல்லும். முற்றத்தில் நீங்கள் கழுவிக்கொண்டிருப்பது, உள்ளே அடுப்பைப் பற்றவைக்கும் உம்மாவுக்குத் தெரியுமா? போதாக்குறைக்கு, அதில் கலந்துள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை விளைவிக்க வல்லது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலில் சேர்வது.

மண்ணெண்ணெய் போதும், கிடைக்காவிடில் டீசல். சற்று நேரம் ஊறவிட்டுத் தூரிகையால் தேய்த்தால் அழுக்கு விட்டுவிடும். கோடை நண்பகலில் இவையும் தீப்பற்றும் அளவுக்குச் சூடேறலாம் என்பதால், காலை வேளையில் திறந்தவெளியில் செய்யுங்கள். கைக்கு நைட்ரைல் உறை வேண்டும். சாதாரண ரப்பர் உறை எண்ணெயில் ஊதி இளகிவிடும்.

காஸ்டிக் சோடாக் கரைசலில் பாகங்களை வேகவைப்போரும் உண்டு. இரும்பு அதைத் தாங்கும். கிராங்க் கேஸோ அலுமினியம். அரித்துக் கரைந்துபோகும், எரியக்கூடிய ஹைட்ரஜனும் பொங்கும். பழைய கேஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் அதன் தூள் நுரையீரலில் தங்கிவிடும், நனைத்தே எடுங்கள். கழுவிய பேரிங்கைக் காற்றழுத்தக் குழாயால் சுழலவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். அளவு மீறிச் சுழன்றால் அது சிதறித் தெறிக்கும்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. மீந்த மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலிலோ தம்ளரிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. தாகத்தில் வரும் பிள்ளை தண்ணீரென்று எடுத்துக் குடித்துவிடும். அப்படி நேர்ந்தால் உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது மூச்சுக்குழலில் புகுந்தால் நுரையீரல் புண்ணாகும். வாயை மட்டும் துடைத்து, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள தகர டப்பாவில் ஓரிரவு தெளியவிடுங்கள். கசடு அடியில் தங்கும். மேலே உள்ளது மறுநாளும் உதவும். பாகங்களைச் சோப்பு நீரில் அலசி உலர்த்தியதும், வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்புறத்தில் எஞ்சின் ஆயிலைத் தடவிவிடுங்கள். கடற்கரை ஊர்களில் ஒரே இரவில் துரு பிடித்துவிடும்.