பத்தாம் எண் சட்டைக்கு விழும் அடி

பாடசாலை றக்பியில், பல்லேகலையில் டிரினிட்டி தோற்றாலும் சரி, கொழும்பில் றோயல் தோற்றாலும் சரி, அன்று இரவே யார் தலை உருளும் என்பதில் சந்தேகமே இல்லை. பத்தாம் எண் சட்டை போட்ட பையனின் தலைதான். அவன் பந்தை உதைத்திருக்கக் கூடாது, கையில் வைத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் என்பார் ஒருவர். ஓடினானே, அதுதான் பிழை, உதைத்திருக்க வேண்டும் என்பார் பக்கத்தில் இருப்பவர். போன வருடத்துப் பையன் எப்படி ஆடினான் தெரியுமா என்று மூன்றாமவர் ஆரம்பித்துவிட்டால் பேச்சு நள்ளிரவைத் தாண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்போலில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்ற ஆட்டக்காரரைச் சுற்றி நடக்கிற வாதமும் அச்சொட்டாக இதுதான். அங்கே லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் உண்டு; இங்கே சில ஆயிரம் பேரும் ஒரு பப்பரே வாத்தியக் குழுவும். இரண்டு இடத்திலும் ரசிகர்கள் செய்வது ஒரே பிழைதான். கண்ணுக்குத் தெரிகிற ஒருவன்மேல் தோல்வியை ஏற்றிவிட்டு, அது எங்கே, எத்தனை வருடங்களுக்கு முன்னால் தொடங்கியது என்று பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மலையகத்தில் பலருக்கு றக்பி என்றால் சேற்றில் புரளும் ஆட்டம் என்ற அளவுக்குத்தான் தெரியும் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டவர்கள் முன்கள வீரர்கள். பந்துக்காக முட்டித் தள்ளுவது அவர்கள் வேலை. ஒன்பதாம் எண்காரன் அந்தக் கும்பலின் காலடியிலிருந்து பந்தை எடுத்துப் பத்தாம் எண்ணுக்கு வீசுகிறான். ஃப்ளை-ஹாஃப் எனப்படும் இந்தப் பத்தாம் எண்தான் அடுத்தது என்ன என்று தீர்மானிக்கிறவன். அநேக அணிகளில் தண்டனை உதைகளை அடிப்பவனும் அவனே. கண்டிக்கு இந்த ஆட்டம் பழையது. கிங்ஸ்வூட் கல்லூரியை 1891இல் ஆரம்பித்த எல். ஈ. பிளேஸ் அந்த வருடமே தன் மாணவர்களுக்கு றக்பியைப் பழக்கினார். 1906இல் கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதியதே நாட்டின் முதலாவது பாடசாலைகளுக்கிடையிலான றக்பிப் போட்டி. டிரினிட்டியும் றோயலும் 1920 முதல் ஆடிவருகின்றன. றோயலின் அதிபராக இருந்த பிராட்பி 1945இல் கேடயம் ஒன்றைக் கொடுத்ததிலிருந்து அந்தப் போட்டி அவர் பெயராலேயே நடக்கிறது. கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டிக் கேடயம் யாருக்கு என்று சொல்வார்கள். முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கும் இடையில் கிடைக்கும் நாட்கள் பழைய மாணவர்களுக்குப் பொன்னான நாட்கள். பத்தாம் எண்ணை மாற்றுவதா வேண்டாமா என்று பேசித் தீர்க்க வேறு எப்போது அவகாசம் கிடைக்கும்?

ஒரே ஒரு ஸ்க்ரம்மைக் கிட்டத்தில் பார்ப்போம். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து நிற்கிறார்கள். பந்து நடுவில் போடப்படுகிறது. நம் பக்கம் அசையாமல் நின்றால், பந்து பின்வரிசைக்காரனின் பாதத்தருகே சாதுவாக வந்து நிற்கும். ஒன்பதாம் எண்காரன் குனிந்த கையோடு அதை வீசிவிடுவான். பத்தாம் எண்காரன் ஓடிவரும் வேகத்திலேயே மார்புக்கு நேராகப் பிடித்து, நிமிர்ந்து, எதிரே யார் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பான். நம் பக்கம் அரையடி பின்னால் சறுக்கினால் கதை மாறிவிடும். பந்து கால்களுக்கிடையில் சிக்குகிறது. ஒன்பதாம் எண்காரன் அதைத் தோண்டி எடுக்க ஒரு நொடி போகிறது. வீச்சு உயரப் போகிறது அல்லது முதுகுக்குப் பின்னால் போகிறது. பத்தாம் எண்காரன் நின்று, திரும்பி, கையை நீட்டிப் பிடிக்கிறான். பிடித்து நிமிர்வதற்குள் எதிரணியின் ஆறாம் எண்ணோ ஏழாம் எண்ணோ அவன் விலாவில் வந்து மோதுகிறான். பந்து நழுவுகிறது. பார்வையாளர் மேடையிலிருந்து பார்த்தால் கடைசிக் காட்சி மட்டும்தான் தெரியும். ‘பந்தைப் பிடிக்கத் தெரியாதவன்’ என்ற பெயர் அவனுக்கு வந்துவிடும். பின்னால் சறுக்கிய எட்டுப் பேரின் முகம்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதை இலக்கத்தில் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே எல்லாவற்றையும் எண்ணி வைக்கிறார்கள். ஜோ பரோ என்ற குவார்ட்டர்பேக் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் 2018இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அந்த வருடம் அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 58 அளவில்தான் சக வீரர்களின் கையில் சேர்ந்தன. எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளியாகி டச்டவுன் ஆனவை 16. பரவாயில்லை ரகம் என்றார்கள். 2019இல் அதே ஆள், அதே சட்டை: நூற்றுக்கு 76 கைசேர்ந்தன, டச்டவுன் 60, பதினைந்து ஆட்டங்களில் பதினைந்தும் வெற்றி, தேசியக் கிண்ணம், ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது. ஒரு வருடத்தில் கை அவ்வளவு மாறிவிடுமா? மாறியவை வேறு. பந்தெறியும் ஆட்டத்தைத் திட்டமிட ஜோ பிராடி என்ற இளம் பயிற்றுநர் வந்திருந்தார். பரோவுக்கு முன்னால் நின்று காத்த தடுப்பு வரிசை அந்த வருடம் நாட்டிலேயே சிறந்தது என்ற விருதை வாங்கியது. பந்தைப் பிடித்த ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் இருவரும் லூசியானாவிலேயே வளர்ந்த பையன்கள். ஜெஃபர்சனைப் பாடசாலைக் காலத்தில் பெரிதாக யாரும் மதிப்பிட்டிருக்கவில்லை. 2018இல் பரோவைக் குறை சொன்னவர்களும் 2019இல் அவரைத் தோளில் தூக்கியவர்களும் பார்த்தது ஒருவரைத்தான்.

அப்படியானால் பத்தாம் எண்ணுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிற்கும் பந்தைக் கம்பங்களுக்கிடையில் அடிப்பதற்கு முன்கள வீரர்கள் யாரும் உதவுவதில்லை. ஒரு தண்டனை உதைக்கு மூன்று புள்ளி. இரண்டு புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் நேர் எதிரே கிடைத்த உதையைத் தவறவிட்டவன் அதற்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். தெளிவாகப் பந்து கிடைத்தும் தப்பான பக்கம் திரும்புகிறவனும் அப்படியே. கிங்ஸ்வூட்டில் படித்து, கண்டி விளையாட்டுக் கழகத்துக்கும் இலங்கைக்கும் ஆடிய ஃபாஸில் மரீஜாவைப் போன்றவர்கள் ஆட்டத்தின் போக்கைத் தனியே திருப்பியதைக் கண்டி ரசிகர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மேதை என்ற சொல் அவருக்குப் பொருந்தும். ஆனால் அவர் ஆடிய காலத்தில் கண்டி அணியின் முன்களம் நாட்டின் பலமான முன்களங்களில் ஒன்றாக இருந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் சாட்சியம் முழுமையாகும். பத்தாம் எண்ணை அளக்க வேண்டாம் என்பதல்ல வாதம். அவன் கையில் இருந்ததை வைத்து அளக்க வேண்டும். அமெரிக்கக் குவார்ட்டர்பேக்குக்கு 2021 முதல் தன் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கும் உரிமை இருக்கிறது. நம்முடைய பத்தாம் எண்காரனுக்குப் பதினேழு, பதினெட்டு வயது. ஒரு சதமும் கிடையாது. கொஞ்ச நாளில் உயர்தரப் பரீட்சை வேறு எழுத வேண்டும். ஐம்பது வயதுக்காரர்கள் அவனை இந்த அளவுக்குத் திட்டுவது எனக்குப் புரியவில்லை.

தோல்விக்கு ரசிகர்கள் சொல்லும் அடுத்த மருந்து ஆள் பிடிப்பது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தரத்துக்கு வேறு பாடசாலை போகலாம் என்பது இந்த நாட்டின் வழமை. அந்தக் கதவு வழியாகவே விளையாட்டு வீரர்களும் போய்வருகிறார்கள். சின்னப் பாடசாலையில் பத்து வருடம் வளர்ந்த பையன், பெரிய பாடசாலையின் சட்டையில் இரண்டே பருவம் ஆடிவிட்டு அதன் பழைய மாணவன் ஆகிவிடுகிறான். அமெரிக்காவில் 2018இல் பல்கலைக்கழக வீரர்கள் இடம் மாறுவதற்கென்று ஒரு பொதுப் பதிவேடே திறந்தார்கள். அன்றிலிருந்து அணிகள் வருடா வருடம் பிரித்துக் கட்டப்படுகின்றன. இதில் ஒரு நன்மை இருப்பதை மறுக்க மாட்டேன். வசதியில்லாத வீட்டுப் பையனுக்கு நல்ல விடுதி, நல்ல ஆசிரியர், பிறகு ஒரு வேலை என்று றக்பி வழிகாட்டியிருக்கிறது. பரோவே இடம் மாறிப் போனவர்தானே என்று யாராவது மடக்கினால், அதுவும் சரி. ஆனால் மாறிப்போன முதல் வருடத்தில் அவரால் என்ன முடிந்தது, சுற்றிலும் உள்ளூர்ப் பையன்கள் முற்றிய பிறகு என்ன முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரும் ஆள் ஓர் இடத்தை நிரப்புவான். பதின்மூன்று வயது அணியில் ஸ்க்ரம் பழக்க ஆளில்லாமல் போன வருடங்களை அவனால் நிரப்ப முடியாது. பையனை இழந்த சின்னப் பாடசாலைக்கோ அடுத்த வருடம் அணியே இல்லாமல் போகலாம். முழங்கால் போன பிறகும் அந்தப் பையனின் விடுதிக் கட்டணத்தை யார் கட்டுவார் என்று கையொப்பத்துக்கு முன்னாலேயே பெற்றோர் கேட்டு வைப்பது நல்லது.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கொத்மலையிலிருந்து பார்த்தால் இந்த ஆள் பிடிக்கும் ஆட்டத்தில் இன்னொரு விசித்திரம் தெரிகிறது. நானுஓயாப் பக்கம் ரதல்லவிலும் டிக்கோயாப் பக்கம் தரவளையிலும் தேயிலைக்கு நடுவே துரைமார் கிளப் மைதானங்கள் இருக்கின்றன. கண்டிப் பாடசாலைகளைப் போலவே இந்த மலைகளிலும் றக்பி வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆடப்பட்டது. புல்லை வெட்டியவர்களும் கோடு போட்டவர்களும் லயத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் அந்தப் பந்தைத் தொட்டதில்லை. இன்றைக்கும் தோட்டப் பாடசாலைப் பையன்கள் ஆடுவது கிரிக்கெட், கரப்பந்து, காற்பந்து. நாவலப்பிட்டி ஜயதிலக்க மைதானத்துக் காற்பந்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே விளையாட்டு வெறிக்குப் பஞ்சமில்லை என்பது தெரியும். ஆனால் ஆள் தேடுகிறவர்கள் ஏற்கெனவே றக்பி ஆடுகிற இடத்தில் மட்டும்தான் தேடுவார்கள். கண்டியிலிருந்து கம்பளை வழியாக பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய மலைகள் அவர்கள் வரைபடத்தில் இல்லை.

தமிழ்ப் பையன்களுக்கு விளையாட்டு வழி ஒத்துவராது என்பவர்களுக்குக் கிரிக்கெட் வீரர் முரளிதரன் போதுமான பதில், அவர் ஆடியது வேறு ஆட்டமாக இருந்தாலும். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் அங்கிருந்த பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. யாரும் முரளிதரனை வேறிடத்திலிருந்து பிடித்துவரவில்லை. கண்டியில் பிறந்து, அதே பாடசாலையில், ஒருவர் கண்ணுக்கு முன்னாலேயே வளர்ந்தவர். 800 டெஸ்ட் விக்கெட்டுகளின் கணக்கு அந்தப் பதினான்காவது வயதில் தொடங்குகிறது. அவர் தோட்டத்துப் பிள்ளை அல்ல, வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை என்ற மறுப்பு சரியானது. என் வாதத்துக்கு அது வலுவே சேர்க்கிறது, ஏனென்றால் திறமை இருந்த இடத்தில் பயிற்றுநரும் மைதானமும் சாப்பாடும் இருந்தன.

தோட்டத்துப் பையன்களின் உடம்பு றக்பிக்குத் தாங்காது என்ற பேச்சையும் கேட்கலாம். இது பரம்பரை விஷயம் என்று நினைப்பவர்கள் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர் அளவில் இருக்க, தோட்டத்துறையில் 32 பேர் அளவில் இருந்தார்கள். அந்த அளவீட்டில் அகப்பட்ட பிள்ளைகள்தான் இப்போது கனிஷ்ட அணிகளுக்குரிய வயதில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் வரிசையில் நின்று தள்ளும் உயரம் வந்திருக்கும் என்பது அவர்கள் பால் குடித்த வருடங்களிலேயே பாதி முடிவாகிவிட்டது. எல்லா இடத்துக்கும் உயரம் தேவையும் இல்லை. ஒன்பதாம் எண்ணுக்கும் பத்தாம் எண்ணுக்கும் தேவை வேகமும் கண்ணும் தைரியமும்தான், கரடுமுரடான சரிவில் பந்தாடி வளர்ந்தவனிடம் இவை இருக்க எல்லா நியாயமும் உண்டு. நல்ல பத்தாம் எண் கிடைக்கவில்லை என்று கண்டியில் புலம்புகிறவர்கள், ஒரு பயிற்றுநரையும் பத்துப் பந்துகளையும் வாரம் இரண்டு நாள் ரதல்லவுக்கு அனுப்ப எவ்வளவு செலவாகும் என்று ஒருதரம் கணக்குப் பார்க்கலாம். உயர்தரத்துக்கு ஒரு பையனைப் பிடித்துவரும் செலவைவிட அது அதிகமாக இருக்குமென்று நான் நம்பவில்லை.