வானத்தில் உலவும் பெயர்கள்!
ஜவ்வாது மலையில் இருந்து போன "ராமானுஜன்"

வீட்டில் குழந்தை பிறந்தால் என்ன பெயர் வைப்பது? தாத்தா பெயரா, குலதெய்வத்தின் பெயரா என்று குடும்பமே கூடி யோசிக்கிறது. வானத்தில் புதிதாக ஒரு கோளைக் கண்டுபிடித்தாலும் இதே கதைதான்!

அப்படி ஒரு கோளைக் கண்டுபிடித்து, அதற்குத் தமிழரின் பெயரைச் சூட்டிய ஊர் நம் ஜவ்வாது மலையில் இருக்கிறது. அதுதான் காவலூர்.

வானத்துக்குக் காவல்

சாமையும் பலாவும் விளைகிற மலை ஜவ்வாது மலை. ஆலங்காயத்தில் இருந்து மலைப்பாதையில் போனால் காவலூர் வரும். உயரம் சுமார் 725 மீட்டர். பட்டணத்து விளக்கு வெளிச்சம் இல்லாத இடம். நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கு இருட்டுதானே வேண்டும்! ஆகவே வைணு பாப்பு என்ற வானியல் அறிஞர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968-ம் ஆண்டு இங்கு ஒரு சிறிய டெலஸ்கோப் வேலை செய்யத் தொடங்கியது. 1982-ல் வைணு பாப்பு காலமானார். 1986-ல் பெரிய டெலஸ்கோப் திறக்கப்பட்டபோது நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

1988-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி, காவலூரில் இருந்து ஒரு சிறு கோளை விஞ்ஞானி ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தார்.

சிறு கோள் என்பது என்ன? சூரியனைச் சுற்றி வரும் பெரிய பாறை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இப்படிப்பட்ட பாறைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வானத்தைப் படம் பிடித்தால் நட்சத்திரங்கள் அதனதன் இடத்தில் இருக்கும். சிறு கோள் மட்டும் சற்று நகர்ந்து இருக்கும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பெயரைச் சொல்லும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. அதை ஏற்பது சர்வதேச வானியல் சங்கம்.

இதற்கு முன்பு இந்தியாவில் இருந்து சிறு கோள் கண்டுபிடிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1885-ம் ஆண்டு, சென்னையில்! நடுவில் நூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

சென்னை தந்த ஐந்து

அப்போது சென்னை நுங்கம்பாக்கத்தில் வான் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் தலைவர் நார்மன் ராபர்ட் பாக்சன் என்ற ஆங்கிலேயர். அவர் சென்னையில் இருந்து 5 சிறு கோள்களைக் கண்டுபிடித்தார். 1861-ல் கண்டது ஆசியா. 1864-ல் சாப்போ. 1866-ல் சில்வியா. 1868-ல் கமில்லா. 1885-ல் வேரா.

அந்தக் காலத்தில் சிறு கோள்களுக்குப் பெண் பெயர் வைப்பதே வழக்கம். ஆசியா நம் கண்டத்தின் பெயர். சாப்போ பழைய கிரேக்க நாட்டுப் பெண் கவிஞர். கமில்லா ரோமானியக் காவியத்தில் வரும் வீராங்கனை.

சில்வியா என்றால் "வனத்துக்கு உரியவள்" என்று பொருள். இத்தாலியில் சில்வியா; பிரான்சில் சில்வி. நம் ஊரில் வனராஜன் என்று பெயர் வைப்பது இல்லையா, அதுபோல! ரோமாபுரியை நிறுவிய இரட்டையரைப் பெற்ற தாயும் ஒரு சில்வியாதான் என்பது ரோமானியர் கதை. அந்தக் கோளைச் சுற்றி இரண்டு குட்டி நிலாக்கள் வருவது 2001-லும் 2004-லும் தெரிந்தது. அவற்றுக்கு அந்தப் பிள்ளைகளின் பெயர்களையே வைத்துவிட்டார்கள்: ரோமுலஸ், ரீமஸ்!

வேரா என்றால் ரஷியாவில் "நம்பிக்கை". லத்தீன் மொழியில் "உண்மையானவள்".

ஒரே பெயர், பல வேஷம்

ஐரோப்பாவில் நாடுகள் பல, மொழிகள் பல. ஆனால் பெயர்கள் பெரும்பாலும் பொதுச் சொத்து! ஒரே பெயர் நாட்டுக்கு நாடு வேஷம் மாற்றிக்கொள்கிறது.

எபிரேய மொழியில் யோகனான் என்று ஒரு பெயர். "ஆண்டவர் அருளினார்" என்று பொருள். அது இங்கிலாந்தில் ஜான். பிரான்சில் ழான். ஸ்பெயினில் ஹுவான். இத்தாலியில் ஜியோவானி. ரஷியாவில் இவான். ஜெர்மனியில் யோகான். நம் கிறிஸ்தவர்கள் யோவான் என்றார்கள். பொருளையும் தமிழாக்கி அருளப்பன் என்றும் அழைத்தார்கள்!

வானியல் அறிஞர் காசினி, இத்தாலியில் பிறந்தபோது ஜியோவானி. பாரீசுக்குக் குடிபோனதும் அவரே ழான் ஆகிவிட்டார்!

முதல் சிறு கோளை 1801 ஜனவரி 1-ந் தேதி கண்டவர் ஜியுசெப்பே பியாசி. ஜியுசெப்பே என்பதுதான் இங்கிலாந்தில் ஜோசப், ஸ்பெயினில் ஹோசே, தமிழ்நாட்டில் சூசை. ஆக, நம் கணக்குப்படி அவர் சூசையப்பர்!

மகளின் பெயர்

பாக்சனுக்கு ஒரு மகள். பெயர் எலிசபெத் ஐசிஸ். எலிசபெத் என்பதும் எபிரேயப் பெயரே. ஸ்பெயினின் இசபெல், ஜெர்மனியின் எல்சா, ஆங்கிலேயரின் பெட்டி எல்லாம் அதே பெயர்தான். ஐசிஸ் எகிப்து நாட்டுத் தேவதை. தந்தை சென்னைக்கு வருமுன், 1856-ல் இங்கிலாந்தில் கண்ட ஒரு சிறு கோளுக்கும் ஐசிஸ் என்றே பெயர்.

இந்தப் பெண் சென்னை நிலையத்தில் தந்தைக்கு உதவியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். பிறகு சென்னை மாகாண அரசின் வானிலை அதிகாரி ஆனார். 1886-ல், மகளை லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கும்படி தந்தை சிபாரிசு செய்தார்.

சட்ட நிபுணர்கள் குறுக்கிட்டார்கள். "சங்கத்தின் சாசனத்தில் உறுப்பினரை 'அவன்' என்றுதான் எழுதி இருக்கிறது. 'அவள்' இல்லை. ஆகவே பெண்ணைச் சேர்க்க முடியாது" என்பது அவர்கள் சொன்ன காரணம்!

வானத்துக்கோ பெண் பெயர்கள் வேண்டும். ஆனால் அந்த வானத்தை ஆராய்ந்த பெண்ணின் பெயருக்குச் சங்கத்தின் ஏட்டில் இடம் இல்லை! 34 ஆண்டுகள் கழித்து, 1920-ல்தான் அவர் பெயர் ஏறியது. அப்போது அவருக்கு வயது 67. சிபாரிசு செய்த தந்தை 1891-லேயே இறந்துவிட்டார்.

ஈரோட்டில் பிறந்த பெயர்

காவலூரில் கண்ட கோளுக்கு என்ன பெயர் வைப்பது? இந்த முறை கிரேக்கத்தையும் ரோமாபுரியையும் தேடிப் போகவில்லை. 1887-ல் ஈரோட்டில் பிறந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து, கணக்கினால் உலகையே வியக்க வைத்தவர் சீனிவாச ராமானுஜன். கோளுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதன் வரிசை எண் 4130.

ராமானுஜன் என்றால் "ராமனுக்குத் தம்பி", அதாவது லட்சுமணன். இந்தப் பொருள் எந்த வெளிநாட்டுக்காரருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் உலகத்து வானியல் புத்தகங்களில் எல்லாம் இந்தப் பெயர் இருக்கிறது.

வெறும் கண்ணுக்கு அந்தக் கோள் தெரியாது. ஆனால் இருட்டான இரவில் வானத்தைப் பார்க்கும்போது குழந்தைகளிடம் சொல்லுங்கள்: அங்கே சில்வியாவும் வேராவும் ஐசிசும் சுற்றுகிறார்கள், கூடவே நம் ஈரோட்டுப் பிள்ளை ஒருவரும் சுற்றுகிறார் என்று!