சொந்த மண்ணில் விடியும் காலை

அல்லாஹ்வின் அருட்கொடைகளை எண்ணப் புகுந்தால் எண்ணி முடிக்க இயலாது என்று அல்குர்ஆன் கூறுகிறது. நாமோ எண்ணத் தொடங்குவதே இல்லை. மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்தால் 'அல்ஹம்துலில்லாஹ்' என்கிறோம். மகன் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தால் சொல்கிறோம். வெளிநாட்டிலிருந்து காசு வந்து சேர்ந்தால் சொல்கிறோம். நேற்றிருந்த அதே வீட்டில், அதே அடுப்படியில், பக்கத்து வீட்டுக்காரியின் பழகிய குரல் காதில் விழ, இன்று காலை தேநீருக்குத் தண்ணீர் வைத்தோமே, அதற்காகச் சொன்னவர் நம்மில் எத்தனை பேர்?

நபி (ஸல்) அவர்கள் ஒரு மனிதனின் செல்வத்தை அளந்து காட்டிய விதத்தைக் கவனியுங்கள். ஒருவர் தம் 'ஸிர்ப்'பில் அச்சமற்றவராக, உடலில் நோயற்றவராக, அன்றைய உணவைக் கையில் வைத்திருப்பவராகக் காலையில் எழுந்தால், உலகம் முழுவதுமே திரட்டி அவருக்குக் கொடுக்கப்பட்டது போலாகும் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் உண்டு. உபைதுல்லாஹ் இப்னு மிஹ்ஸன் (ரழி) அறிவிக்க, இமாம் திர்மிதியும் இமாம் இப்னு மாஜாவும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

'ஸிர்ப்' என்ற அந்தச் சொல்லில் சற்று நிற்க வேண்டும். அரபு மொழியில் ஒன்றாய் மேயும் மான் கூட்டத்துக்கும், ஒன்றாய்ப் பறக்கும் பறவைக் கூட்டத்துக்கும் அந்தச் சொல் வழங்கும். ஆகவே ஹதீஸ் விரிவுரையாளர்களில் சிலர் அதற்குக் குடும்பம், உறவுக் கூட்டம் என்று பொருள் சொன்னார்கள். 'ஸர்ப்' என்று வாசித்தவர்கள் போகும் வழி, நடமாடும் பாதை என்றார்கள். குடியிருக்கும் வீடு என்று சொன்னவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வீடு, வீட்டார், வீட்டிலிருந்து சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் போகும் தெரு. நம் தாய்மொழியில் இதற்கு ஒரே சொல் இருக்கிறது: ஊர். ஊரில் அச்சமின்றி விடியும் காலையை, உடல்நலத்துக்கும் உணவுக்கும் முன்னால் நபி (ஸல்) அவர்கள் வைத்தார்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் மக்காவுக்காகக் கையேந்தியபோதும் முதலில் கேட்டது அவ்வூரின் அபயத்தைத்தான். கனிவர்க்கங்களை அதற்குப் பிறகே கேட்டார்கள்.

இந்த ஹதீஸின் பொருளை நம் நாட்டில் எவரேனும் கண்ணீரால் அறிந்திருப்பார்களாயின், அவர்கள் வடமாகாணத்து முஸ்லிம்கள்.

1990 ஒக்டோபர் மாதத்தில் அது நடந்தது. மாத நடுவில் சாவகச்சேரியிலிருந்து தொடங்கிற்று. மாத இறுதிக்குள் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலெல்லாம் முஸ்லிம்கள் வெளியேறும்படி கட்டளையிடப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அந்தக் கட்டளை ஒக்டோபர் 30ஆம் திகதி வந்தது. ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகே ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்றார்கள். போகிற வழியில் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. கையில் விடப்பட்டது சில நூறு ரூபாய். வடக்கிலிருந்து இப்படி வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். எருக்கலம்பிட்டி மக்களில் பலர் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்து கரையேறினார்கள். பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று.

அவர்கள் வடக்கில் வந்தேறிகளாய் இருந்தவர்களல்லர். முஸ்லிம்களில் முதன்முதலாக இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தவரும், கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக விளங்கியவருமான அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் கற்றவர். சோனகத் தெருப் பிள்ளை இந்துக் கல்லூரிக்குப் போவதும், தமிழ் வீட்டுக் கலியாண உடுப்பை முஸ்லிம் தையற்காரர் தைப்பதும் அங்கே செய்தியல்ல, அன்றாட வாழ்க்கை. வெளியேறிய நாளில் வேலியோரம் நின்று அழுத தமிழ் அயலவர்கள் பலர் இருந்தார்கள் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. நீதியாகச் சாட்சி சொல்வது நம் மீது கடமை.

எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் அவர்கள், 2018இல் வபாத்தாகும் வரை, இம்மக்கள் இழந்தவற்றைப் பதிவு செய்வதில் தம் காலத்தைச் செலவிட்டார். வீடுகள், காணிகள், கடைகள், பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள் என்று எண்ணக் கூடியவையெல்லாம் எண்ணப்பட்டன. மகத்தான பணி அது. அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக. ஆனால் வடக்கிலிருந்து வந்த மூத்த பெண்களிடம் அமர்ந்து பேசிப் பாருங்கள். அவர்கள் பட்டியலில் முதலாவதாக வருவது காணி உறுதி அல்ல. கிணற்றடி வரும். முற்றத்து முருங்கை வரும். பனங்கிழங்கு வரும். மஃரிபுக்குப் பிறகு வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடும் பெயர் சொல்லி வரும். எந்த நிவாரண விண்ணப்பத்திலும் இவற்றுக்குக் கூடு இல்லை.

இதை அற்ப ஏக்கம் என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். பிலால் (ரழி) அவர்களை நினைத்துப் பாருங்கள். மக்காவில் அவர் அடிமை. சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறை வைத்த ஊர் அது. மதீனாவுக்கு வந்து சுதந்திர மனிதராய், முஅத்தினாய் இருந்த அவர், காய்ச்சலில் கிடந்தபோது எதை நினைத்து ஏங்கினார்? மக்காவின் பள்ளத்தாக்கில் வளரும் இத்கிர் புல்லையும் ஜலீல் செடியையும், மஜன்னாவின் தண்ணீரையும், ஷாமா, தஃபீல் என்ற குன்றுகளையும்! ஆயிஷா (ரழி) அவர்கள் இதைச் சென்று சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. "ஈமான் இருக்கிறதே, ஊர் எதற்கு" என்று கேட்கவில்லை. மக்காவை நேசித்ததைப் போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக்கு என்று துஆக் கேட்டார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. ஒரு புல்லுக்காக ஏங்கிய ஸஹாபியின் மார்க்கம் நம்முடையது.

பெண்களுக்கு இந்த இழப்பில் ஒரு தனிப் பங்கு உண்டு. வடபுலத்து முஸ்லிம்களிடையே கலியாணத்தின்போது மகளுக்கு வீடோ காணியோ எழுதிக் கொடுப்பது பரவலான வழக்கம். (சீதனம் பற்றி எனக்குள்ள கருத்து வேறு, அதை வேறொரு சந்தர்ப்பத்தில் பேசலாம்.) அதனால் அங்கே வீடு என்பது பல குடும்பங்களில் பெண்ணின் பெயரிலேயே இருந்தது. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வந்தார். இரண்டு மணி நேரத்தில் பறிபோனது அவளுடைய சொந்த வீடு. அந்தப் பெண்தான் மறுவாரம் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் குந்தியிருந்து, உலர் உணவு அட்டையோடு வரிசையில் நின்றாள். கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் குனிந்தாள். அவளுக்கு முதல் நாட்களில் சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் புத்தளத்துப் பெண்கள். பள்ளிவாசல்களையும் தென்னந்தோட்டங்களையும் அவர்களுக்காகத் திறந்து விட்ட அந்த மக்களின் உபகாரத்தை, பின்னாளில் தண்ணீருக்கும் தொழிலுக்கும் பாடசாலை இடத்துக்கும் எழுந்த மனத்தாங்கல்களை வைத்து அழித்து எழுத முடியாது. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்று நபிமொழி இருக்கிறதல்லவா?

இறம்பொடையில் இருந்துகொண்டு வடக்கைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நம் மலைநாட்டுச் சகோதரிகள் கேட்கலாம். மலைக்கும் மன்னாருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் மக்களின் முன்னோர், தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே நடந்துதான் மலையேறினார்கள். வழியில் மாண்டவர் அநேகர். அப்படி வந்து மலைநாட்டைத் தோட்டமாக்கியவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாதாக்கியது. பிறகு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பிரித்தெழுதிய அவ்வொப்பந்தம் கைச்சாத்தான திகதி 1964 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கி ஒலித்ததும் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே திகதியில்தான்! இங்கிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள். பிறந்த லயத்தையும் வளர்த்த மாட்டையும் விட்டுப் போனவர்கள், லயம்தானே என்று சிரித்துக்கொண்டு போகவில்லை. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இறம்பொடையிலிருந்து கீழே தெரியும் கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். எண்பதுகளில் அணை எழும்பியபோது அதன் அடியில் போனவை வயல்களும் வீடுகளும் விகாரைகளும். வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடு வெளியே தெரியும். சுற்றுலா வருவோர் படம் எடுப்பார்கள். அங்கே வாழ்ந்திருந்தவர்களுக்கு அது அழகிய காட்சி அல்ல, வீட்டு வாசல். இனி, 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியை நான் நினைவூட்டத் தேவையில்லை. நாட்டில் 600க்கும் மேற்பட்டோரின் உயிர் போயிற்று. மலைநாட்டில் எத்தனையோ வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்த மழைக்குப் பின், இரவில் கூரையில் துளி விழும் சத்தத்துக்கு விழிக்காத தாய் இங்கே இருக்கிறாளா? ஊரில் அச்சமற்று விடிவது என்றால் என்னவென்று இப்போது நமக்கும் கொஞ்சம் தெரியும்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஷுக்ர் பற்றிய பேச்சு சில இடங்களில் தவறான திசைக்குப் போகிறது. வீடிழந்தவரைப் பார்த்து, "உயிராவது மிஞ்சியதே, ஷுக்ர் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம். நன்றி கெட்ட ஊரொன்றுக்குப் பசியும் பயமும் ஆடையாக அணிவிக்கப்பட்டதை ஸூரதுந் நஹ்ல் கூறுகிறது. அந்த வசனத்தை வடபுல மக்கள் மீது பொருத்திப் பேச எவரேனும் முற்பட்டால், அது அறியாமை மட்டுமல்ல, அநீதியும் ஆகும். காரணமின்றி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களை அநீதி இழைக்கப்பட்டோர் என்றுதான் ஸூரதுல் ஹஜ் அறிமுகப்படுத்துகிறது. ஸூரதுந் நிஸாவின் ஒரு வசனமோ, உயிரை விடுவதையும் வீட்டை விட்டு வெளியேறுவதையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. இரண்டும் அருகருகே நிற்கும் அளவுக்குப் பாரமானவை. ஆகவே வீடு இருப்பவருக்குரிய ஷுக்ர் வேறு. வீடு இழந்தவர் முன்னால் வீடு இருப்பவருக்குள்ள கடமை வேறு. தமக்குரியதைத் திரும்பக் கேட்பவர் நன்றி கெட்டவர் அல்லர். நபி (ஸல்) அவர்களும் மக்காவை விட்டு வெளியேறும்போது திரும்பிப் பார்த்து, வெளியேற்றப்படாவிட்டால் உன்னை விட்டுப் போயிருக்க மாட்டேன் என்ற கருத்தில் அந்த ஊரோடு பேசினார்கள்.

2009இல் போர் முடிந்த பின் வடக்குக்குத் திரும்பும் வழி திறந்தது. ஆனால் திரும்புதல் சுலபமாய் இருக்கவில்லை. இரண்டு பத்தாண்டுகளில் புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் புத்தளமே ஊர். படிப்பு அங்கே, தொழில் அங்கே. உம்மா, வாப்பாவின் காணி மட்டும் வடக்கில். ஒரு குடும்பமே இரண்டாகப் பிரிந்து, பெரியவர்கள் அங்கும் இளையவர்கள் இங்குமாய் வாழும் நிலை இன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒஸ்மானியாக் கல்லூரி மீண்டும் இயங்குகிறது. சோனகத் தெருவில் பாங்கோசை மீண்டும் எழுகிறது. ஆனால் 1990இல் இருந்த அளவு மக்கள் இல்லை.

மன்னாரின் தெற்கே முசலிப் பிரதேசத்துக்குத் திரும்பியவர்களுக்கு ஊரே காடாகிக் கிடந்தது. சுவர் இருந்த இடத்தில் மரம். தெரு எது, வளவு எது என்று தெரியாமல், பழைய புளியமரங்களையும் பள்ளிவாசலின் அத்திவாரத்தையும் அடையாளமாக வைத்துத்தான் எல்லை கண்டார்கள். வீடு கட்டுவதற்கு முன்னே பற்றையை வெட்டிக் கிணறுகளைத் தேடினார்கள். இருபது ஆண்டுச் சேற்றையும் இலைச் சருகையும் அள்ளி, பழந்தண்ணீரை இறைத்துக் கொட்டி, ஊற்றுக் கண் திறக்கும்வரை காத்திருந்தார்கள். பிறகுதான் அடுப்பு மூட்டினார்கள்.