900 ஆம்பியரும் ஒரு மில்லிவோல்ட்டும்

சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர்கள், ஜெனரேட்டர் கேபிளோடு மைக் வயரைச் சேர்த்துக் கட்டமாட்டார்கள். கட்டினால் நாதஸ்வரம் தொடங்கும் முன்பே ஸ்பீக்கர் முனகத் தொடங்கிவிடும். மதுரையில் 85 டன் மின்காந்தம் ஒன்றை இயக்குகிறவர்களுக்கும் இதே தலைவலிதான்.

அதன் பெயர் மினி-ஐகால். தேனி பொட்டிப்புரத்தில் மலைக்குள் திட்டமிட்டு, எதிர்ப்பிலும் வழக்கிலும் முடங்கிப்போன 50,000 டன் நியூட்ரினோ கருவியின் முன்மாதிரி. 2018-இல் இயங்கத் தொடங்கியது. 11 அடுக்கு இரும்புத் தகடுகள். இடையிடையே துகள் உணர்விகள். செம்புச் சுருளில் சுமார் 900 ஆம்பியர் ஓடினால் இரும்பில் 1.4 டெஸ்லா காந்தப்புலம் கிடைக்கும். வானிலிருந்து இறங்கும் மியூவான் என்ற துகள் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து அதன் மின்னூட்டத்தைச் சொல்லிவிடலாம்.

இங்கே நிலையாக இருக்க வேண்டியது வோல்டேஜ் அல்ல, கரண்ட். செம்பு ஒரு டிகிரி சூடேறினால் மின்தடை 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரி ஏறினால், வோல்டேஜ் மாறாமலே கரண்ட் 7 சதவீதம் விழுந்துவிடும். அதனால் ஓடுகிற கரண்டை அளந்து அளந்து வோல்டேஜைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அளக்கும் ஷன்ட் (கரண்ட் ஓடும் சிறு மின்தடை) தானே சூடேறிப் பொய் சொல்லும் என்பதால், துல்லியம் வேண்டிய இடங்களில் கம்பியைத் தொடாமல் அதன் காந்தப்புலத்தை வைத்தே அளக்கும் டிசிசிடி என்ற கருவி வந்தது.

அப்படிப்பட்ட ஓர் இடம் இந்தூரின் இண்டஸ்-2 எலெக்ட்ரான் வளையம். அதன் சுற்றளவு 172.5 மீட்டர். எலெக்ட்ரான் அதை நொடிக்குச் சுமார் 17 லட்சம் முறை சுற்றுகிறது. அங்கே காந்தங்களின் கரண்ட் துளி பிசகினாலும் பாதை பிசகும். மதுரையில் மியூவான் ஒரே முறை கடந்து போகிறது. இரும்பும் ஏறக்குறைய நிறைநிலையில் இருப்பதால், கரண்ட் சற்று ஆடினாலும் புலம் அவ்வளவாக ஆடாது. என் பார்வையில் மினி-ஐகாலுக்குப் பெரிய எதிரி இரைச்சல்தான். உணர்விகள் தருவது சில மில்லிவோல்ட் சிக்னல். பக்கத்திலேயே 900 ஆம்பியர்.

அந்தக் கரண்டுக்காக, மூன்று பேஸ் மின்சாரத்தைச் சாதாரண ரெக்டிபயரில் டிசி ஆக்கினால் 300 ஹெர்ட்ஸ் அலை ஒட்டிக்கொண்டு வரும். டிரான்ஸ்பார்மரில் ஸ்டார், டெல்டா என இரண்டு சுற்றுகள் வைத்தால் அது 600 ஹெர்ட்ஸாகி, சிறிய வடிகட்டியிலேயே அடங்கும். எடை குறைந்த எஸ்எம்பிஎஸ் வகையில் சிக்கல் வேறு: நொடிக்குப் பல்லாயிரம் முறை ஸ்விட்ச் ஆகும் அதன் கூர்முனைகள், தொடர்பே இல்லாத கம்பிகளுக்கும் தாவும். இரைச்சலைக் குறைக்க, போகும் கேபிளையும் திரும்பும் கேபிளையும் ஒட்டிக் கொண்டுபோவது, எர்த்தை ஒரே புள்ளியில் சேர்ப்பது, டிரான்ஸ்பார்மர் சுற்றுகளுக்கு நடுவே செம்புத் திரை வைப்பது: வரைபடத்திலேயே செய்தால் இவற்றுக்குப் பெரிய செலவில்லை. கேபிளெல்லாம் இழுத்து முடித்தபின் செய்ய நினைத்தால் பாதியைப் பிரிக்க வேண்டிவரும்.

திடீரென்று கரண்ட் போனால்? சுருளில் தேங்கிய ஆற்றலுக்கு வழி வேண்டும். இல்லையென்றால் வோல்டேஜ் எகிறித் தீப்பொறி பறக்கும். குறுக்கே ஒரு பெரிய டயோடு வைத்தால் கரண்ட் சுருளுக்குள்ளேயே சுற்றி மெல்ல இறங்கும். அப்போதும் இரும்பில் கொஞ்சம் காந்தம் மிஞ்சும். அதனால் மறுபடி கரண்டை ஏற்றும்போது, ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில், ஒரே படிவரிசையில் ஏற்றுகிறார்கள்.